தட்டு காலி, ஓவர்

புது குவார்ட்டர்ஸுக்கு வந்த மூன்றாம் நாள் என் மகள் தட்டில் ஒரு வாய்ச் சோற்றை மிச்சம் வைத்தாள். நாலரை வயதுக் குழந்தை ஒரு வாய் மிச்சம் வைப்பது எந்த வீட்டிலும் செய்தியில்லை. எங்கள் வீட்டில் தலைப்புச் செய்தி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவள் தும்மினால் எனக்கு ஜன்னி கண்டுவிடும்.

நான்காம் நாளும் ஒரு வாய். ஐந்தாம் நாளும் அதே ஒரு வாய். தட்டின் ஓரத்தில், விரலால் கூட்டிக் குவித்து, சின்னதாக ஒரு கோபுரம். ஆறாம் நாள் நான் அந்தக் கோபுரத்தை உருட்டி அவள் வாயைத் திறந்து உள்ளே தள்ளினேன். தள்ளியதை மட்டுமா, அதற்கு முன்னால் தின்றதையும் சேர்த்து என் சட்டையில் போட்டாள். அன்றிலிருந்து தட்டைத் தொடவே இல்லை. சோறு போட்டால் எழுந்து போய்விடுவாள். தோசை என்றாலும் அப்படித்தான். பெரிய தகர டின்னில் கொட்டி வைத்திருந்த பிஸ்கட்டை மட்டும் எடுத்துக் கொறித்தாள். அதையும் சும்மா எடுக்க மாட்டாள். டின்னுக்குள் தலையை விட்டு, அடியில் இன்னும் நிறைய இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் ஒன்று எடுப்பாள். பேராசைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். என் மூளை அவ்வளவுதான்.

பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அப்பன்மார்கள் கவலைப்படுவார்கள். நான் கவலை என்ற ஸ்டேஷனில் நிற்காமல் நேராகப் பீதிக்குப் போகிற எக்ஸ்பிரஸ். கண் இமையை இழுத்துப் பார்த்து மஞ்சள் காமாலை என்றேன். நாக்கை நீட்டச் சொல்லி டைபாய்டு என்றேன். போனில் தேடிப் படித்ததில் அவளுக்கு இருப்பதாகத் தெரிந்த ஒரு வியாதி ஆடுகளுக்கு மட்டுமே வருவது என்று கடைசி வரியில் போட்டிருந்தது. காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அவளைத் தூக்கிப் பார்த்து எடை போட்டேன்.

“கறிவேப்பிலைக் கட்டு வாங்குற மாதிரி பிள்ளைய எதுக்குங்க குலுக்குறீங்க?” என்றாள் மனைவி.

“நேத்தைக்கு இன்னைக்கு நூறு கிராம் கொறைஞ்சிருக்கா.”

“உங்க கை என்ன நகைக்கடைத் தராசா? சும்மா இருங்களேன்.”

சும்மா இருக்கத் தெரிந்தவனாக இருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அது போகட்டும். பத்தாம் நாள் லீவு போட்டுவிட்டு இருவரையும் பண்ருட்டிக்குக் கூட்டிப்போனேன், குழந்தை டாக்டரிடம். டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரே பலாப்பழக் கடை. பெரிய தராசு. எனக்குக் கை துறுதுறுத்தது. பிள்ளையைக் கொண்டுபோய் அதன் மேல் நிற்க வைத்தேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை, முள்ளை ஒரு பார்வை பார்த்தார்.

“பதிமூணரை. இத விட பெருசா பழமே வெச்சிருக்கன் சார். பாப்பாவ எறக்குங்க, பழத்த ஏத்தணும்.”

டாக்டர் வயதான அம்மா. வயிற்றைத் தட்டினார், மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், காதுக்குள் லைட் அடித்தார். “ஒண்ணுமில்ல. வீடு ஏதாச்சும் மாறினீங்களா?” என்றார். மனைவி ஆமாம் என்றாள். “அதான். பழைய வீட்டை ஒருதரம் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க. டாட்டா சொல்லிட்டு வரட்டும். சாப்பாட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சார், நீங்க கடைசியா எப்ப பி.பி. பாத்தீங்க?”

பழைய வீட்டுக்குப் போவதற்கு முன்னால் என் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் குற்றவாளி.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் பார்க்கிறவன். வெட்டி எடுக்கிற மண்ணும் கரியும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் பட்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பெல்ட்டை நிறுத்த வேண்டுமானால், அதன் மேல் கிடப்பதெல்லாம் முதலில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சுமையோடு நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். அதனால் கடைசி உருண்டை மண் விழுகிற வரை பார்த்து நின்று வாக்கிடாக்கியில் சொல்வோம்: “பெல்ட் காலி, ஓவர்.” அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம், “காலி, ஓவர்” என்று திருப்பிச் சொல்லும். அப்புறம் பெல்ட் நிற்கும். ஒரு ஷிப்டில் எத்தனை முறை சொல்வேன் என்று எண்ணியதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்கிறேன். நாக்கில் தழும்பு விழுந்திருக்கும்.

இந்தச் சொல்லை நான் வீட்டுக்கும் எடுத்து வந்தேன். மகள் ஒரு வயதில் சோறு என்றால் ஓடுவாள். நான் கையை முறுக்கி வாயருகே வைத்து, கரகரவென்று சத்தம் எழுப்பி, “கண்ட்ரோல், கண்ட்ரோல், இன்னும் நாலு வாய் லோடு வருது, ஓவர்” என்பேன். அவள் வாயைத் திறந்துவிடுவாள். கடைசி வாய் போனதும் தட்டைக் கவிழ்த்துக் காட்டி, “தட்டு காலி, ஓவர்!” என்பேன். அவள் தன் குட்டிக் கையை முறுக்கி, “காலி, ஓவர்!” என்பாள். அவள் சொன்ன முதல் சொற்களில் காலியும் ஒன்று. அப்பாவுக்கு முன்னாலேயே காலி சொல்லிவிட்டாள் என்று மனைவி இன்றைக்கும் சாதிக்கிறாள்.

பால் டம்ளர் காலி, ஓவர். சோப்பு டப்பா காலி, ஓவர். மாதக் கடைசியில் என் பாக்கெட் காலி, ஓவர். ஒரே சிரிப்பு.

அப்போது நாங்கள் இருந்தது பழைய பிளாக்கில், தரையோடு இருக்கும் தனி வீடு. முன்னால் கொய்யா மரம், பின்னால் துணி காயப்போட இடம். அந்த வரிசையையே இடித்துவிட்டு வேறு கட்டப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. ரிட்டயர் ஆனவர்கள் ஊருக்குப் போனார்கள். மற்றவர்கள் கிடைத்த பிளாக்கில் கிடைத்த வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு வீடும் காலியானதும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு வந்து, வாசல் சுவரில் பெரிய எழுத்தில் ‘காலி’ என்று எழுதுவார். இடிக்க வருகிறவன் ஆள் இருக்கிற வீட்டில் கை வைத்துவிடக் கூடாதே, அதற்கு.

என் மகள் முதன்முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட எழுத்து அந்தச் சுவர்களில்தான். அ, ஆ தெரியாது. கா, லி தெரியும். சாயங்காலம் அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து அந்தத் தெருவில் மெதுவாக ஓட்டுவேன். “மூணாவது வீடு?” என்பேன். “காலி, ஓவர்!” “நாலாவது வீடு?” “காலி, ஓவர்!” அந்த நாலாவது வீட்டில்தான் அவளோடு மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிய பெண் குழந்தை இருந்தது. அதற்கும் சத்தமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நான் அடுத்த வீட்டைக் காட்டினேன்.

ஒருநாள் பெயிண்ட்காரரிடம் அவளே போய் நின்றாள்.

“என்னா எழுதற?”

“காலின்னு எழுதிகினு இருக்கன் பாப்பா.”

“எழுதினா?”

“எழுதிட்டா மிஷினு வந்து வூட்ட இடிச்சிடும்.”

“உள்ள யாராவது இருந்தா?”

“இருந்தா காலி இல்லியே. ஒண்ணுமே இல்லன்னாதான் காலி. ஒரு ஜாமான் கெடந்தாக்கூட எழுத வுட மாட்டாரு எங்க சாரு.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

நாங்கள் காலி செய்த அன்று லாரி போன பிறகு சிவில் செக்ஷன்காரர் வந்தார். ஃபேன், குழாய், ஸ்விட்ச் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே எதுவும் விட்டுப்போகவில்லையா என்று பார்த்து எழுதிக்கொண்டால்தான் சாவியை வாங்குவார்கள். மனைவியும் மகளும் ஸ்கூட்டர் பக்கத்தில் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் அவரோடு ஒவ்வொரு அறையாகப் போனேன். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், உள்மூலையில், சுவரோடு ஒட்டி, ஒரு செருப்பு இருந்தது. ரோஸ் கலர், மேலே பிளாஸ்டிக் பூ. மகளுடைய இடது கால் செருப்பு.

“என்னா சார், ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?” என்றார் அவர்.

“திருட்டுக் குடித்தனம் இருக்கப் பாத்திருக்கு சார், வாடகை தராம” என்று அந்தச் செருப்பை வெளியே எடுத்தேன். அவர் சிரித்தார். ஆள் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. செருப்பைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, மறு கையை முறுக்கி வாயில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: “கண்ட்ரோல், கண்ட்ரோல்! வீடு காலி, ஓவர்!”

அவள் பதில் சொல்லவில்லை. அவள் அலறிய மாதிரி அதற்கு முன்னால் அலறியதில்லை, தடுப்பூசி போட்டபோதுகூட. ஓடிவந்து செருப்பைப் பிடுங்கினாள். செருப்புக்குத்தான் அழுகிறாள் போலிருக்கிறது என்று குனிந்து காலில் மாட்டிவிட்டேன். கழற்றி வாசலுக்குள் எறிந்தாள். எடுத்து வந்தேன். மறுபடியும் எறிந்தாள். மூன்றாவது தடவை எடுத்து வந்து ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டினேன். “பாவம், வீட்ட விட்டு வர மனசில்ல பிள்ளைக்கு” என்றாள் மனைவி. அப்படித்தான் நானும் எண்ணினேன். எங்களுக்குப் பின்னால் பெயிண்ட்காரர் டப்பாவைத் திறந்தார்.

புது வீடு இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடியின் ஜன்னல். பேசினால் பேசியது சுவரில் பட்டுத் திரும்பி வரும். அங்கே வந்ததிலிருந்து இன்னொரு கூத்தும் நடந்தது. பாத்ரூம் அலமாரியில் ஒரு ஸ்பூன் கிடந்தது. துணி அலமாரியின் காலித்தட்டில் ஒரு புளியங்கொட்டை. செருப்பு ஸ்டாண்டில் ஒரு துணி கிளிப். மேசை டிராயரைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு பட்டாணி. நான் எல்லாவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்தினேன். மறுநாள் மறுபடி இருக்கும்.

“எலிதான்” என்றேன் மனைவியிடம். “கண்டதையும் எடுத்துட்டுப் போய்ச் சேத்து வைக்கிற எலி.”

“ஸ்பூனத் தூக்குற எலியா? ரெண்டு மாடி ஏறியா?”

“இந்த ஊர்ல எலிக்கும் மூணு ஷிப்டு. ஒடம்பு கல்லு மாதிரி இருக்கும்.”

எலிக்கூண்டு வாங்கிவந்து உள்ளே மசால்வடைத் துண்டு வைக்கலாம் என்று சமையலறையில் வைத்திருந்தேன். வடை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் கூண்டுக்குள் ஒரு ஸ்பூன் இருந்தது. எலி முந்திக்கொண்டு நமக்குப் பொறி வைத்துவிட்டது என்று நானே என் ஜோக்குக்குச் சிரித்தேன். மகள் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்பூனை எடுத்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பசி என்று நினைத்தேன்.

டாக்டர் சொன்னபடி மறுநாள் சாயங்காலம் அவளைப் பழைய வீட்டுக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் பாடம் நடத்தினேன். கொய்யா மரத்துக்கு டாட்டா, குழாய்க்கு டாட்டா, பல்லி இருந்தால் பல்லிக்கும் டாட்டா.

தெருவுக்குள் திரும்பினால் வீடு இல்லை. எங்கள் வரிசையில் பாதிக்கு மேல் இல்லை. செங்கல் குவியல், முறுக்கிக்கொண்ட கம்பி, சமையலறை மேடையில் பதித்திருந்த கருப்புக் கல்லின் ஒரு துண்டு. கொய்யா மரம் மட்டும் நின்றது, புழுதி பூசிக்கொண்டு. இடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் வேலையே பூமியைத் தோண்டுவது. இடிக்கிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? டாட்டா சொல்ல அழைத்து வந்த நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட மறந்து பிடித்துக்கொண்டே நின்றேன்.

பெயிண்ட்காரர் அடுத்த வரிசையில் எழுதிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து வந்தார். “உங்க வூட்ட முந்தாநாளு இடிச்சாங்க சார். பாப்பா, நல்லாருக்கியா?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நீதான் எடுத்துட்ட.”

“என்னத்தக் குட்டி?”

“செருப்ப. நான் வச்சிருந்தேன். உள்ள ஒண்ணு இருந்தா காலி இல்ல. நீ எடுத்துட்டு ஓவர் சொல்லிட்ட.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தட்டில் கோபுரம் குவிக்கிற அதே நிதானத்தோடு சொன்னாள். எனக்கு அந்த ஸ்பூன் ஞாபகம் வந்தது. பட்டாணி. புளியங்கொட்டை. கூண்டு. ஒரு வாய்ச் சோறு. புது வீட்டின் ஒவ்வொரு தட்டிலும் அவள் காவல் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறேன். கடைசியில் அவள் வாயைத் திறந்தும் தள்ளியிருக்கிறேன்.

“என்னா சார் சொல்லுது பாப்பா?” என்றார் பெயிண்ட்காரர்.

சொன்னேன். அவர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“எங்க வூட்டுக்கும் வந்து எழுதினாங்க சார், ஊர்ல, சுரங்கத்துக்கு எடம் எடுத்தப்ப. காலின்னு எழுதல, நம்பரு எழுதினாங்க. உள்ள ஏழு பேரு இருந்தோம். எங்கம்மா அம்மிய வுட்டுட்டு வர மாட்டன்னு அது மேல ஒக்காந்துகினு இருந்திச்சி.” பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டார்.

இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் சொல்வேன். வழக்கம் அது. சாவு வீட்டில்கூட சொல்லியிருக்கிறேன். அன்று “தெரியாம எடுத்துட்டேன்டா” என்றேன் அவளிடம். அவள் கேட்டது மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். “அதான் காலி உப்பு ஜாடிக்குள்ள ஒரு பொத்தான் கெடந்துச்சு. நான் ஜாடியக் கழுவிக் கவுத்துட்டேன்” என்றாள். எழுந்து போய் அந்த ஜாடியை நிமிர்த்தி வைத்தாள்.

நான் ஸ்பூன், கிளிப், பட்டாணி எல்லாவற்றையும் தேடி எடுத்து, அவள் பார்க்கும்படியாக, இருந்த இடத்திலேயே வைத்தேன். புளியங்கொட்டை கிடைக்காமல் புளி டப்பாவைக் கிளறி வேறொன்று எடுத்தேன். “அது வேற” என்றாள் மகள். ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து அந்தச் செருப்பைக் கொண்டுவந்து சமையலறைக் கீழ்த்தட்டின் உள்மூலையில், சுவரோடு ஒட்டி வைத்தேன். அவள் குனிந்து அதைப் பார்த்தாள். தொடவில்லை.

“இந்த வீட்ட யாரும் இடிக்க மாட்டாங்கடா” என்றேன்.

“யாரு சொன்னா?”

யார் சொன்னார்கள்? பொய் சொல்வது எனக்குச் சோறு தின்பது மாதிரி. அன்று வரவில்லை. இன்னும் கொஞ்ச வருஷத்தில் நானும் ரிட்டயர் ஆவேன். இதே மாதிரி ஒருவர் நோட்டோடு வருவார். உள்ளே ஒன்றுமில்லையே என்பார். அந்தச் செருப்பை அப்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இவளுக்கு என்ன சொல்ல?

ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம், உருளைக்கிழங்கு வறுவல். அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள் மனைவி. சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. நான் கையை முறுக்கவில்லை, கரகரக்கவில்லை. பிசைந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை தட்டுக்குள் போனது. ஒரு வாய். அப்புறம் இன்னொன்று. நான் அவளைப் பார்க்காத மாதிரி பார்க்கப் பட்ட பாடு இருக்கிறதே, கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஓரத்தில் கோபுரம் ஒன்றைக் குவித்துவிட்டு நிறுத்தினாள்.

நான் என் கடைசி வாயை உருட்டும்போது என் தட்டின் மேல் அவள் உள்ளங்கை வந்து விழுந்தது.

“வை.”

வைத்தேன். மனைவியும் உருட்டி வைத்திருந்த கவளத்தைத் தட்டிலேயே உதிர்த்துவிட்டாள். மூன்று தட்டிலும் மூன்று கோபுரம். மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

மூன்று தட்டையும் அடுக்கிக்கொண்டு நான் சமையலறைக்குப் போனேன். சிங்க்குக்குப் பக்கத்தில் குப்பைக் கூடை. தட்டைச் சாய்க்கப் போனவன் திரும்பிப் பார்த்தேன். ஈரக் கையோடு அவள் கதவோரம் நின்றிருந்தாள்.

“இத எங்கங்க வைக்கிறது?” என்றாள் மனைவி மெதுவாக, என் பின்னால் வந்து.

தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே இருந்த தட்டைச் சரித்துவிடாமல், நேராக, இரண்டு கையாலும்.